உள்ளேயா, வெளியேயா, எவ்வளவு தூரம்?

சிமுலேஷன் ஒரு வடிவத்திடம் கேட்கும் கேள்விகள் அதிகம் இல்லை. இந்தப் புள்ளி பொருளுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? இந்தத் திசையில் போனால் அடுத்த சுவர் எவ்வளவு தூரத்தில்? முட்டும் இடத்தில் சுவரின் செங்குத்துத் திசை எது? இங்கிருந்து மிக அருகில் உள்ள மேற்பரப்புப் புள்ளி எது? சுவருக்கு அந்தப் பக்கம் என்ன பொருள்? நியூட்ரான், காற்று, வெப்பம், இரும்புத் தகட்டின் மேல் ஏறும் சுமை, எதுவானாலும் பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். சமன்பாட்டைத் தீர்க்கும் முறைகளைப் புத்தகம் புத்தகமாகப் படிக்கிறோம். இந்த ஐந்துக்கும் பதில் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் அதே உழைப்பைக் கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

*

வரைபவருக்கு வேறு கவலைகள். லேத்தில் எப்படிப் பிடிப்பது, எந்த போல்ட் எந்த வரிசையில் போகும், வெல்டர் கை நுழைய இடம் இருக்கிறதா. கணினியில் வரையும் கேட் (CAD) மாடல் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்படி வளர்ந்தது. இயற்பியல் பிறகு வந்து அதே மாடலிடம் தன் கேள்விகளை வைக்கிறது. நடுவே நின்று மொழிபெயர்ப்பவைதான் ஓப்பன் கேஸ்கேட், ஜிமெஷ், ஈகேட்ஸ், மோப் போன்ற லைப்ரரிகள்.

*

கேட் கோப்புக்குள் இருப்பது தோல் மட்டும். கம்பி முழுக்க இரும்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கோப்பில் இருப்பதோ இரண்டு வட்ட முகங்கள், ஒரு உருளை முகம், அவற்றைப் பிரிக்கும் விளிம்புகள், யாருக்கு யார் அண்டை என்ற பட்டியல். 1970களில் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டும் சகாக்களும் வளர்த்தெடுத்த முறை இது. அந்தக் குழுவிலிருந்து கிளம்பிய ஷேப் டேட்டா நிறுவனம் 1978இல் ரோமுலஸைக் கொண்டுவந்தது. அதன் வழித்தோன்றலான பாராசாலிட் இன்றும் சாலிட்வொர்க்ஸ், என்எக்ஸ் இரண்டின் அடியிலும் ஓடுகிறது.

தோலை மட்டும் வைத்துக்கொண்டு கன அளவைச் சொல்ல முடிவது காஸ் தேற்றத்தின் தயவு. உள்ளே தொகையிட வேண்டியதை மேற்பரப்பில் தொகையிட்டால் போதும். நிறை, நிறைமையம், நிலைமத் திருப்புத்திறன் மூன்றும் இப்படித்தான் கிடைக்கின்றன. ஜிமெஷில் இவற்றுக்கு ஒவ்வொரு வரி பைத்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எல்லா முகங்களின் செங்குத்துத் திசையும் வெளிநோக்கி இருக்க வேண்டும். ஒரே ஒரு முகம் புரண்டு நின்றால், அந்த முகத்தின் பங்கு கூட்டப்படுவதற்குப் பதில் கழிக்கப்படும். திரையில் படம் மட்டும் அப்படியே தெரியும்.

*

ஸ்டெப் கோப்பை ஒருமுறையாவது சாதாரண எடிட்டரில் திறந்து படிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 10303 தரத்தின் முதல் பகுதிகள் வெளிவந்தது 1994இல். உள்ளே எல்லாம் எழுத்துகள்தான். ஒவ்வொரு வரிக்கும் # போட்டு ஒரு எண், ஒரு வரி இன்னொரு வரியின் எண்ணைச் சுட்டும். உருளை என்றால் ‘உருளைப் பரப்பு’ என்று பெயர் சொல்லி, அச்சு எங்கே, எந்தத் திசை, ஆரம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அதாவது கோப்புக்கு அது உருளை என்று தெரியும்.

1987இல் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் அச்சு எந்திரத்துக்காகப் பிறந்த எஸ்டிஎல் கோப்புக்கு அது தெரியாது. அதில் முக்கோணங்கள் மட்டும். அலகுகூடக் கிடையாது. 100 என்று எழுதியிருந்தால் மில்லிமீட்டரா மீட்டரா என்பது அனுப்பியவருக்கே வெளிச்சம்.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு கணக்கு போட்டு வைக்கிறேன். 100 மி.மீ. ஆரமுள்ள உருளையை 36 தட்டைப் பட்டைகளாக வெட்டினால், ஒவ்வொரு பட்டையின் நடுவும் உண்மையான பரப்பிலிருந்து 0.38 மி.மீ. உள்வாங்கும். கன அளவு 0.5 சதவீதம் குறையும். பட்டைகளை 72 ஆக்கினால் குறை கால் பங்காகி 0.13 சதவீதத்துக்கு வரும். எடை பார்க்க இது போதும். இரண்டு உருளைகள் ஒன்றுக்குள் ஒன்று 0.2 மி.மீ. இடைவெளியில் பொருந்த வேண்டிய இடத்தில், வெளி உருளையின் பட்டை உள் உருளைக்குள் புகுந்துவிடும்.

*

வெற்றிடம். இந்தக் குறிப்பேட்டில் இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க நினைக்கிறேன்.

கேட் மாடலில் வெற்றிடம் வரையப்படுவதில்லை. யாரும் காற்றை வாங்குவதில்லை, வெல்ட் செய்வதில்லை. பாகப் பட்டியலில் அதற்கு எண் இல்லை. ஆனால் நியூட்ரானுக்கும் காற்றுக்கும் ஒளிக்கும் வேலையே அங்கேதான். காற்றோட்டம் பார்ப்பவருக்கு வேண்டியது குழாய் அல்ல, குழாய்க்குள் இருக்கும் வெளி.

அணு உலைக் கணக்கில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். லாஸ் அலமாஸில் வளர்ந்த எம்சிஎன்பி நிரலின் விதி எளிமையானது: வெளியின் ஒவ்வொரு புள்ளியும் ஏதாவது ஒரு அறைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், இரண்டு அறைகளுக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. பொருள் இல்லாத இடமும் ஒரு அறைதான். பழைய முறையில் தளம், உருளை, கோளம் எனப் பரப்புகளைக் கையால் எழுதி, இந்தப் பக்கம் கூட்டல், அந்தப் பக்கம் கழித்தல் என்று குறித்து அறைகளைக் கட்டுவார்கள். வெற்றிடத்தையும் அப்படியே கட்ட வேண்டும். பெரிய எந்திரத்துக்கு இது மாதக்கணக்கான வேலை.

பிரான்சின் கேடராஷில் எழும் ஈட்டர் இணைவு உலையை எடுத்துக்கொள்வோம். டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது வெளிப்படும் ஆற்றலில் சுமார் 80 சதவீதம் 14.1 மெகா எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரானாக ஓடுகிறது. அது காந்தங்களையும் மின்னணுக் கருவிகளையும் எவ்வளவு தாக்கும் என்று கணக்கிட எந்திரத்தின் வடிவம் முழுவதும் வேண்டும். அங்கே ஆபத்து கனமான எஃகில் இல்லை. எஃகுத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளில் இருக்கிறது. கனமான சுவரைத் துளைக்க முடியாத நியூட்ரான் இடுக்கு வழியே நேராக ஓடிப்போகும். யாரும் வரையாத அந்த இடுக்கு, கணக்குக்கு மிக முக்கியமான பாகம். (ஈட்டரை மூடும் கிரையோஸ்டாட், சுமார் 3,850 டன் எஃகு, நம் நாட்டுப் பங்களிப்பு. குஜராத்தின் ஹஜிராவில் எல் அண்ட் டி துண்டுகளாகச் செய்து கப்பலேற்றியது. அவ்வளவு பெரிய பொருளும் கணக்குக்கு வரும்போது சில முகங்கள், சில விளிம்புகள்.)

விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் உருவான டேக்எம்சி லைப்ரரி இதற்கு ஒரு அழகான வழி கண்டது. கேட் மாடலில் உள்ள எல்லா முகங்களையும் எடுத்துக்கொள். ஒவ்வொரு முகத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் ஏதோ ஒரு பாகத்துக்குச் சொந்தம்; மறுபக்கத்துக்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை என்றால் அது வெற்றிடத்தின் முகம். அப்படி யாரும் உரிமை கோராத பக்கங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால், மாடலில் இல்லாத வெற்றிடம் தானாக ஒரு பாகமாக எழுந்து நிற்கிறது. வரையாததை, வரைந்ததிலிருந்தே பெறும் இந்த யோசனையை எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த மென்பொருள் யோசனைகளில் ஒன்றாக வைப்பேன்.

*

மேலே சொன்னது சரியாக நடக்க ஒரு முன்வேலை இருக்கிறது. இரண்டு இரும்புக் கட்டிகள் ஒட்டி நிற்கின்றன. கேட் மாடலில் அவை இரண்டு தனிப் பொருள். ஒட்டும் இடத்தில் இரண்டு முகங்கள், ஒன்றின் மேல் ஒன்று. கண்ணுக்கு ஒரு முகம். நியூட்ரானுக்கோ வெப்பத்துக்கோ இரண்டு சுவர், நடுவே தடிமனே இல்லாத இடைவெளி. ஆகவே முதலில் ஒரு முகத்தின் அச்சை மற்றதில் பதிக்க வேண்டும், பிறகு இரண்டையும் ஒரே முகமாக இணைக்க வேண்டும். ஜிமெஷில் இதை ‘ஃபிராக்மென்ட்’ என்ற கட்டளை செய்கிறது. செய்த பிறகு அந்த முகத்திடம் உன் இரு பக்கமும் யார் என்று கேட்டால் இரண்டு பாகங்களின் எண்களும் வர வேண்டும். வெப்பம் ஏன் அடுத்த கட்டிக்குப் போகவில்லை என்று சமன்பாட்டில் தேடுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்.

*

சகிப்பெல்லை. ஆங்கிலம் படித்தவர்கள் டாலரன்ஸ் என்பார்கள், பட்டறையிலும் அப்படித்தான். ஆனால் பட்டறை டாலரன்ஸ் வேறு, இது வேறு. இது கணிதத்தின் கட்டாயம்.

வளைந்த இரண்டு பரப்புகள் வெட்டிக்கொள்ளும் கோட்டைப் பொதுவாகத் துல்லியமாக எழுத முடியாது. கார் உடல் வரையப் பயன்படும் சாதாரண இருமுப்படித் துண்டுகள் இரண்டு வெட்டிக்கொண்டால், வெட்டுக்கோட்டின் படி 324 வரை போகலாம். படி 3 உள்ள பரப்புகளிலிருந்து படி 324! எந்த மென்பொருளும் அதை அப்படியே வைத்திருப்பதில்லை. தோராயமான ஒரு வளைகோட்டைப் பொருத்திக்கொள்கிறது. அதுவும் ஒன்றல்ல, மூன்று: முப்பரிமாண வெளியில் ஒன்று, முதல் பரப்பின் சொந்த ஆயங்களில் ஒன்று, இரண்டாம் பரப்பின் ஆயங்களில் ஒன்று. மூன்றும் ஒரே விளிம்பைச் சொல்கின்றன. மூன்றும் கொஞ்சம் வேறு வேறு இடத்தைச் சொல்கின்றன. ஆகவே இப்படி வெட்டிக்கொள்ளும் பரப்புகள் உள்ள எந்தக் கேட் மாடலும் கண்டிப்பான பொருளில் மூடியதல்ல. எவ்வளவு விலகினால் மூடியதாக ஏற்றுக்கொள்வது என்ற எண் அதில் ஒளிந்திருக்கிறது.

அந்த எண் ஒவ்வொருவருக்கும் வேறு. பாராசாலிட் மீட்டரில் கணக்கு வைத்து 10⁻⁸ மீட்டரை எல்லையாகக் கொள்கிறது. அதாவது 10⁻⁵ மில்லிமீட்டர். ஓப்பன் கேஸ்கேட் பெரும்பாலும் மில்லிமீட்டரில் இயங்கும். அதன் இயல்பான எல்லை 10⁻⁷. முன்னது ஒட்டியிருக்கிறது என்று ஏற்ற விளிம்பு, பின்னதன் இயல்பு எல்லைக்கு நூறு மடங்கு அகன்ற பிளவு. இதற்காகத்தான் ஸ்டெப் கோப்பிலேயே ‘நிச்சயமின்மை’ என்று ஒரு அளவு எழுதப்படுகிறது. ஓப்பன் கேஸ்கேட்டும் ஒவ்வொரு உச்சிக்கும் விளிம்புக்கும் முகத்துக்கும் தனித்தனி எல்லையைச் சுமக்கிறது. உச்சியின் எல்லை விளிம்பினதைவிடக் குறையக் கூடாது, விளிம்பினது முகத்தினதைவிடக் குறையக் கூடாது என்பது அதன் ஒழுங்கு. கோப்பை வாங்கியதும் இந்த எல்லைகளின் உச்சபட்ச மதிப்பைக் கேட்டுப் பார்க்கலாம். 0.1 மி.மீ. என்று பதில் வந்தால், எந்த மெஷ்ஷும் (கணக்குக்காக வடிவத்தை வெட்டிய சிறு துண்டுகளின் வலை) அதைவிட நுணுக்கமாக அந்த மாடலை நம்பக் கூடாது.

*

‘உள்ளேயா வெளியேயா’ என்ற கேள்விக்கு மிகப் பழைய பதில்: ஏதாவது ஒரு திசையில் கதிர் ஒன்றை விடு, எத்தனை முறை சுவரைத் தாண்டுகிறது என்று எண்ணு. ஒற்றைப்படை என்றால் உள்ளே. கதிர் ஒரு விளிம்பை உரசிப் போனாலோ, உச்சியில் சரியாகக் குத்தினாலோ இந்த எண்ணிக்கை தடுமாறும். அபூர்வம்தானே என்று விட முடியாது. நியூட்ரான் சிமுலேஷன் ஒன்றில் கோடிக்கணக்கான துகள்களின் கதை ஓடுகிறது. ஒவ்வொரு துகளும் பலமுறை மோதித் திசை மாறுகிறது. கோடியில் ஒன்று என்பது அங்கே அன்றாடம்.

டேக்எம்சி இதற்கு, நேர்க்கோடுகளை எண்களாகக் குறிக்கும் புளூக்கர் ஆயங்களைக் கையாள்கிறது. பக்கத்துப் பக்கத்து முக்கோணங்கள் பொதுவான விளிம்புக்கு ஒரே கணக்கைச் செய்வதால், ஒன்று ‘என்னைத் தாண்டவில்லை’ என்றும் மற்றதும் ‘என்னைத் தாண்டவில்லை’ என்றும் சொல்லி, கதிர் நடுவே நழுவ வாய்ப்பில்லாமல் போகிறது.

நழுவினால் அதற்குப் பெயர் தொலைந்த துகள். எம்சிஎன்பி, அதே வேலையைச் செய்யும் ஓப்பன்எம்சி இரண்டும் இயல்பாகவே பத்துத் துகள் தொலைந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடும். இந்த விதியை எடுத்துவிட்டு ஓட்டுவதற்கு ஆசை வரும். நான் அதற்கு எதிரி. தொலைந்த துகளின் இடமும் திசையும் பதிவாகும். அந்த ஆயத்தொலைவுகளைக் கேட் மாடலில் தேடிப் போனால் அங்கே ஒரு பிளவோ, ஒன்றுக்குள் ஒன்று புகுந்த இரண்டு பாகங்களோ நிற்கும். மாடலின் தவறை இவ்வளவு துல்லியமாகச் சுட்டிக்காட்டும் வேறு கருவி எனக்குத் தெரியாது.

*

பிளவுள்ள மெஷ்ஷிலும் உள்-வெளி கேட்கலாம் என்று 2013இல் ஜேக்கப்சன், கவான், சோர்கைன்-ஹார்னுங் மூவரும் காட்டினார்கள். கேள்விப் புள்ளியிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு முக்கோணமும் எவ்வளவு திண்மக் கோணத்தை மறைக்கிறது என்று கூட்டி, 4π-ஆல் வகுப்பது. முழுதும் மூடியிருந்தால் உள்ளே 1, வெளியே 0. ஓட்டை இருந்தால் உள்ளே 0.93, வெளியே 0.04 என்பது போல நடுவே ஒரு எண். ஆம்-இல்லை என்று அடித்துச் சொல்லாமல், எவ்வளவு நிச்சயம் என்பதையும் சேர்த்துச் சொல்லும் பதில். மருத்துவ ஸ்கேனிலிருந்து வரும் வடிவங்களுக்கும் இணையத்தில் கிடைக்கும் கலவையான மாடல்களுக்கும் இது பெரிய வரம். உலை வடிவத்துக்கு மட்டும் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே ஓட்டையை அடைப்பதுதான் வேலை.

*

வேகத்துக்காக முக்கோணம், உண்மைக்காக மூலப் பரப்பு. வளைந்த பரப்பில் கதிர் எங்கே முட்டும் என்பதற்குத் திரும்பத் திரும்பத் தோராயம் செய்து நெருங்க வேண்டும். முக்கோணத்துக்குச் சில பெருக்கல்கள் போதும். அதனால்தான் டேக்எம்சியும் கேட் பரப்பை முக்கோணமாக்கி, பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிய மரத்தில் வைத்துத் தேடுகிறது. விலை கொடுத்து வாங்கிய வேகம் இது. எவ்வளவு விலை என்பதைப் பயனர் தருகிற ஒரே ஒரு எண், அதாவது முக்கோணம் மூலத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற எண், தீர்மானிக்கிறது. அந்த எண்ணை அறிக்கையில் எழுதாதவர்களின் முடிவுகளை என்னால் எடைபோட முடிவதில்லை.

*

மெஷ்ஷை நுணுக்கினால் விடை சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலானது. எதை நோக்கிச் சரியாகும்? இதுதான் கேள்வி.

மெஷ் ஒருமுறை போட்டாகிவிட்டது. கேட் கோப்பை மூடியாகிவிட்டது. சரிவு அதிகமான இடத்தில் நிரல் தானாக மெஷ்ஷைப் பிளக்கிறது. எல்லையில் இருக்கும் விளிம்பின் நடுவே புதுப் புள்ளி வைக்கிறது. அந்தப் புள்ளி தட்டை முக்கோணத்தின் மேலேயே விழும், வளைந்த இறக்கையின் மேல் விழாது. நுணுக்க நுணுக்க, பலகோண இறக்கையைச் சுற்றிய காற்றோட்டத்துக்கு மிகத் துல்லியமான விடை கிடைக்கும். ஒலியை மிஞ்சிய வேகத்தில் ஒவ்வொரு பட்டை மடிப்பிலும் நிஜ இறக்கையில் இல்லாத ஒரு சிறு அலை எழும். புதுப் புள்ளி ஒவ்வொன்றும் மூலப் பரப்பிடம் போய், எனக்கு மிக அருகில் உன் மேல் எது என்று கேட்டு, அங்கே நகர வேண்டும்.

எம்ஐடியின் பாப் ஹெய்ம்ஸ் பல ஆண்டுகளாக உழைத்தது இதற்காக. முதலில் கேப்ரி, பிறகு ஓப்பன் கேஸ்கேட்டின் மேல் கட்டிய ஈகேட்ஸ், பிறகு பெரிய கணினிகளில் ஆயிரக்கணக்கான கோர்கள் ஒரே நேரத்தில் கேட்டாலும் பதில் சொல்லும் இலகுவான ஈகேட்ஸ்லைட். சாலிடை உருவாக்கும் வசதிகளைக் கழற்றிவிட்டு, கேள்விக்குப் பதில் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்ட வடிவம் அது. நாசாவுக்காகத் தயாரான ‘சிஎஃப்டி 2030’ ஆய்வறிக்கை 2014இல் வடிவமும் மெஷ்ஷும்தான் பெரிய முட்டுக்கட்டை என்று எழுதியது.

*

மெஷ்ஷை நுணுக்கினால் மட்டும் போதாது என்பதற்கு மூன்று சாட்சிகள்.

பாஸியும் ரெபாயும், 1997: வட்ட உருளையைச் சுற்றி உராய்வற்ற ஓட்டம். உயர்வரிசை முறை, ஆனால் எல்லை நேர்க்கோட்டுத் துண்டுகள். உருளைக்குப் பின்னால் இல்லாத ஒரு வால் தோன்றியது. மெஷ்ஷை நுணுக்கியும் ஒழுங்காகவில்லை. எல்லைத் துண்டுகளை வளைத்ததும் ஓட்டம் சமச்சீரானது.

இவோ பாபுஷ்கா, 1960களின் தொடக்கம்: விளிம்பில் எளிமையாகத் தாங்கப்பட்ட மெல்லிய வட்டத் தகடு. வட்டத்துக்குப் பதில் ஒழுங்குப் பலகோணம் வைத்து, பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் பலகோணம் வட்டத்தை நெருங்குகிறது. தகட்டின் தொய்வோ வட்டத் தகட்டின் தொய்வை நெருங்குவதில்லை. எத்தனை லட்சம் பக்கம் வைத்தாலும்.

ஹெர்மன் ஷ்வார்ஸ், 1880ஐ ஒட்டி: உருளையின் மேல் புள்ளிகள் வைத்து முக்கோணங்களால் மூடுகிறோம். எல்லா உச்சிகளும் உருளையின் மேலேயே இருக்கின்றன, அணுவளவும் விலகவில்லை. ஆனால் உயரவாக்கில் அடுக்குகளை மிக வேகமாகக் கூட்டினால் முக்கோணங்கள் கசங்கி நிமிர்ந்து, மொத்தப் பரப்பளவு முடிவிலிக்குப் போகிறது. இடம் சரி, திசை தவறு. மேற்பரப்பு வழியே இழக்கும் வெப்பத்தைக் கணக்கிடுபவர் புள்ளியை மட்டும் சரிபார்த்தால் போதாது. செங்குத்துத் திசையையும் மூலத்திடம் கேட்டு ஒப்பிட வேண்டும்.

*

கேள்வியே சமன்பாட்டுக்குள் நுழைந்துவிடும் இடமும் உண்டு. 1992இல் வந்த ஸ்பாலார்ட்–ஆல்மராஸ் கொந்தளிப்பு மாதிரியில், ஒவ்வொரு அறையிலிருந்தும் மிக அருகில் உள்ள சுவருக்குத் தூரம் d என்பது ஒரு உறுப்பிலேயே இருக்கிறது, அதுவும் 1/d² ஆக. சுவர் அருகே d தவறினால் கொந்தளிப்பு தவறும், உராய்வு விசை தவறும். அங்கே வடிவத்திடம் கேட்பதை முன்வேலை என்று ஒதுக்கிவைக்க முடியாது.

*

‘மிக அருகில் எது’ என்பதற்குச் சில இடங்களில் பதில் ஒன்றல்ல. கோளத்தின் மையத்திலிருந்து கேட்டால் கோளம் முழுவதும் பதில். வளையத்தின் அச்சிலிருந்து கேட்டால் ஒரு வட்டம் முழுவதும். நியூட்டன் முறை எங்கே தொடங்கியதோ அதைப் பொறுத்து ஏதோ ஒன்றைத் தூக்கிக் கொடுக்கும். கோளத்தின் துருவத்தில் செங்குத்துத் திசையைக் கேட்டால் இன்னொரு சிக்கல்: தீர்க்கரேகைகள் எல்லாம் அங்கே ஒரு புள்ளியில் கூடுவதால் ஒரு வகைக்கெழு பூஜ்யமாகி, குறுக்குப் பெருக்கலும் பூஜ்யமாகும். பரப்பில் ஒரு குறையும் இல்லை. அதன் மேல் போர்த்திய ஆயக் கட்டம்தான் கசங்கியிருக்கிறது. உருளையைச் சுற்றிவந்த ஆயக் கட்டத்தின் இரு ஓரங்களும் சேரும் தையல் விளிம்பும் அப்படியே. இயற்பியலுக்கு அது இல்லை; மெஷ்ஷில் மட்டும் அங்கே ஒரு நேர்க்கோடு வந்து உட்காரும்.

*

ஃபில்லெட் (ஓரத்து வளைவு) விவாதம். நியூட்ரான் கணக்குக்கு மாடலைத் தயாரிப்பவர் முதலில் செய்வது போல்ட், திருகு மறை, ஓரத்து வளைவு எல்லாவற்றையும் நீக்குவது. சரிதான், நியூட்ரானுக்கு எத்தனை கிலோ எஃகு, எங்கே என்பது முக்கியம். அதே சுத்திகரித்த கோப்பைத் தகைவுக் கணக்குக்குக் கொடுப்பது பெரும் பிழை. வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும் என்று கிர்ஷ் 1898இலேயே காட்டினார். உள்மூலையில் வளைவை நீக்கிக் கூர்மையாக்கினால் மீள்மைக் கோட்பாட்டின்படி அங்கே தகைவுக்கு எல்லையே இல்லை. மெஷ்ஷை நுணுக்க நுணுக்க எண் ஏறிக்கொண்டே போகும். ஆக ‘சுத்தமான மாடல்’ என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்த இயற்பியலுக்குச் சுத்தம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவைப்பது நல்லது. ஆரம் 2 மி.மீ.க்குக் குறைந்த உருளை முகங்களை எல்லாம் கொடு என்று லைப்ரரியிடம் கேட்டு, நீக்கும் பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகே நீக்க வேண்டும்.

*

அலகு. ஜிமெஷ் ஸ்டெப் கோப்பை இயல்பாக மில்லிமீட்டரில் திறக்கும். மீட்டர் வேண்டுமென்றால் சொல்ல வேண்டும். மில்லிமீட்டரை மீட்டராக எடுத்துக்கொண்டால் அதே அடர்த்திக்கு நிறை நூறு கோடி மடங்கு, நிலைமத் திருப்புத்திறன் 10¹⁵ மடங்கு. ரோபோ சிமுலேஷனில் கை அசையவே அசையாது.

*

முகங்களுக்கு எண் வைத்துக் கூப்பிடும் பழக்கம் ஒழிய வேண்டும். தாங்கி ஒன்றின் ஆறாவது முகத்தில் சுமை, இரண்டாவது முகத்தில் பிடிப்பு என்று நிரல் எழுதுகிறோம். வடிவமைப்பாளர் ஒரு துளை சேர்க்கிறார். எண்கள் நகர்கின்றன. ஆறாவது முகம் இப்போது துளையின் உட்புறம். நிரல் எந்தப் புகாரும் இல்லாமல் ஓடி, வண்ணமயமான படத்தையும் தருகிறது. ஃப்ரீகேட் பயனர்கள் இந்தச் சிக்கலோடு பல ஆண்டுகள் போராடினார்கள். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அதற்கு ஓரளவு தீர்வு சேர்ந்தது.

நிரலில் எழுதுபவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. எண்ணைச் சொல்லாமல் அடையாளத்தைச் சொல்வது. மேல்நோக்கிய தட்டை முகங்களில் எல்லாவற்றுக்கும் உயரத்தில் இருப்பது. Z அச்சுக்கு இணையான, ஆரம் 6 மி.மீ. உள்ள உருளை முகங்கள். கேட்குவெரி லைப்ரரி இந்த முறையைத் தன் மையத்திலேயே வைத்திருக்கிறது. கூடவே, எத்தனை முகம் கிடைத்தது என்று எண்ணி, நான்கு போல்ட் துளைக்கு நான்கு வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்தும் ஒரு வரி. நூறு வடிவங்களை வரிசையாக ஓட்டும் ஆய்வில் இந்த ஒரு வரிதான் காவல்.

*

2005இல் ஹியூஸும் சகாக்களும் கேட் பரப்பை வரையறுக்கும் நர்ப்ஸ் சார்புகளையே சமன்பாடு தீர்க்கவும் பயன்படுத்தலாம் என்றார்கள். மெஷ் என்ற நகலே வேண்டாம் என்ற அந்த எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் கேட் தருவது தோல். தீர்க்க வேண்டியது உள்ளே. நடுவே உள்ள தூரம் இன்னும் முழுதாகக் கடக்கப்படவில்லை.

*

ஓப்பன் கேஸ்கேட் பிரான்சின் மாத்ரா டேட்டாவிஷனில் காசுக்கு விற்கப்பட்ட பொருளாக இருந்து 1999இல் திறந்த மூலமானது. ஜிமெஷை கூசைனும் ரெமாக்லும் இலவசமாக வளர்த்தெடுத்தார்கள். இவை இல்லாவிட்டால், மேலே எழுதிய எந்தச் சோதனையையும் ஒரு கல்லூரி மாணவர் தன் மடிக்கணினியில் செய்து பார்க்க முடியாது. மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகளுக்கு வரையும் மென்பொருளோடு சேர்த்து, வரைந்ததிடம் கேள்வி கேட்கும் பத்து வரிப் பைத்தானையும் கற்றுத்தர வேண்டும் என்பது என் தீராத ஆசை.

*

புதுக் கோப்பு வந்தால் செய்வது: அலகைக் கேட்பது. சுற்றுப்பெட்டியின் நீள அகல உயரத்தைக் கேட்டு, வரைபடத்தின் மொத்த அளவோடு ஒப்பிடுவது. சாலிட் எத்தனை, மூடாத வெற்றுப் பரப்பு ஏதாவது தொங்குகிறதா என்று பார்ப்பது. சாலிட்களின் கன அளவுகளைக் கூட்டிக்கொண்டு, ஃபிராக்மென்ட் செய்த பிறகு மறுபடி கூட்டுவது. இரண்டாவது தொகை குறைந்தால் அந்த வித்தியாசம்தான் பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த அளவு. கடைசியாக, கன அளவை அடர்த்தியால் பெருக்கி, வரைபடத்தின் வலது மூலைக் கட்டத்தில் எழுதியிருக்கும் எடையோடு வைத்துப் பார்ப்பது. பொருந்தவில்லை என்றால் மெஷ் போடும் வேலையை அப்படியே வைத்துவிட்டு, வரைந்தவரைக் கூப்பிட்டு இரண்டு பேரும் ஒரே திரையில் மாடலைத் திறந்து பாகம் பாகமாகக் கேட்டுப் போவது.